கிளம்ப மறுத்தவர்களின் தெரு: லிவர்பூலில் ஐந்து நாள்

முதல் நாள், செவ்வாய்

"லிவர்பூலுக்கு வர்றவங்க ஒண்ணு பீட்டில்ஸுக்காக வருவாங்க, இல்லேன்னா ஃபுட்பாலுக்காக வருவாங்க. நீங்க மட்டும்தான் அத்தை, நாலு பழைய தெருவைப் பாக்கணும்னு வந்திருக்கீங்க" என்றாள் தம்பி மகள், லைம் ஸ்ட்ரீட் ஸ்டேஷன் வாசலில் என் பெட்டியை வாங்கிக்கொண்டே. இங்கே பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். அவள் அறையில்தான் எனக்கு ஐந்து நாள் ஜாகை.

காரணத்தை அவளிடம் முழுதாகச் சொல்லவில்லை. இங்கே சொல்லிவிடுகிறேன். நான் வளர்ந்தது வட சென்னையில் ஒரு பழைய அடுக்குமாடிக் குடியிருப்பின் மூன்றாவது மாடியில். ஒரு வீட்டில் கருவாடு வறுத்தால் எட்டு வீட்டுக்குத் தெரியும். கட்டடம் பழுதாகிவிட்டது, இடித்துக் கட்டித் தருகிறோம், அதுவரை வெளியே இருங்கள் என்றார்கள். பழுது உண்மைதான். கூரைப் பூச்சு பெயர்ந்து சாப்பாட்டுத் தட்டில் விழுந்ததை நானே பார்த்திருக்கிறேன். காலி செய்தோம். புதுக் கட்டடம் எழும்பி முடிந்தபோது நிறைய பேர் வாடகைக்குப் போன இடத்திலேயே நின்றுவிட்டார்கள். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் மாறியிருந்தது, பெரியவர்களுக்கு வேலை மாறியிருந்தது. என் அம்மா இன்றைக்கும் "நம்ம பிளாக்" என்று சொல்லும்போது அந்தப் புதுக் கட்டடத்தைச் சொல்வதில்லை.

ஒரு பேட்டையைச் சீர் செய்வது என்றால் எதைச் சீர் செய்வது? இந்தக் கேள்வியோடுதான் வந்திருக்கிறேன். லிவர்பூல் இதற்குப் பல விதமாகப் பதில் சொல்லிப் பார்த்த ஊர். தப்பான பதில்களும் அதில் நிறைய உண்டு.

1931-இல் இந்த நகரத்தில் எட்டரை லட்சம் பேர் இருந்தார்கள். 2001 கணக்கெடுப்பில் 4,40,000 கூட இல்லை. துறைமுகத்தை நம்பிய ஊர். கன்டெய்னர் வந்ததும் மூட்டை தூக்கும் ஆட்களுக்கு வேலை போயிற்று. பிரிட்டனின் வணிகம் ஐரோப்பாப் பக்கம் திரும்பியதும், மேற்குக் கரையில் இருக்கும் இந்தத் துறைமுகம் தப்பான பக்கத்தில் நிற்கும் துறைமுகமாகிவிட்டது. ஆலைகள் வரிசையாக மூடின. நெரிசலான பகுதிகளை இடித்து, மக்களை கிர்க்பி, ஸ்கெல்மர்ஸ்டேல், ரன்கார்ன் என்று வெளியூர்களுக்கு அனுப்பியது அரசு.

மதியம் ஆல்பர்ட் டாக் பார்த்தோம். 1846-இல் திறந்த கிடங்குகள், செங்கல்லும் இரும்பும். 1972-இல் மூடி, 80-களில் கடைகளும் கண்காட்சியுமாகத் திரும்பத் திறந்தார்கள். அழகான இடம், கூட்டமும் இருக்கிறது. பத்து நிமிடத்துக்கு மேல் எனக்கு அங்கே வேலை இல்லை.

சாயங்காலம் அப்பர் பார்லிமென்ட் தெரு வழியாக மேட்டுக்கு ஏறினோம். இங்கிருந்து தொடங்குவது டாக்ஸ்டெத். ஊர்க்காரர்கள் அஞ்சல் எண்ணைச் சொல்லி 'லிவர்பூல் 8' என்கிறார்கள். பிரிட்டனிலேயே மிகப் பழைய கறுப்பினச் சமூகங்களில் ஒன்று வாழும் பகுதி. கரீபியன், மேற்கு ஆப்பிரிக்கா, சோமாலியா, ஏமன் என்று கப்பல் வழியாக வந்தவர்களின் பேரப் பிள்ளைகள், கொள்ளுப் பேரப் பிள்ளைகள். நகரத்துக்குள்ளே அவர்களுக்கு வேலை கொடுக்கிற கடைகளும் அலுவலகங்களும் வெகுகாலம் அரிதாகவே இருந்தன. 1824-ஆம் ஆண்டின் நாடோடிச் சட்டத்தை வைத்து, சந்தேகம் என்ற ஒரே காரணத்துக்காக இளைஞர்களைப் பிடிக்கும் அதிகாரம் போலீசுக்கு இருந்தது. 1981 ஜூலை 3 இரவு ஒரு கறுப்பின இளைஞரைப் போலீஸ் பிடித்தபோது தெரு வெடித்தது. வட அயர்லாந்தைத் தவிர்த்த பிரிட்டனில் மக்கள் கூட்டத்தின் மீது போலீஸ் முதன்முதலாகக் கண்ணீர்ப் புகை வீசியது அந்த நாட்களில்தான். வெளியே இருப்பவர்கள் அதைக் கலவரம் என்கிறார்கள். இங்கே இருப்பவர்களில் பலர் எழுச்சி என்கிறார்கள். ரியால்ட்டோ என்ற பழைய நடன அரங்கு எரிந்துபோன முனையில் கொஞ்ச நேரம் நின்றோம். இப்போது அங்கே வேறு கட்டடம்.

அதைத் தொடர்ந்து அன்றைய நிதியமைச்சர் ஜெஃப்ரி ஹவ் பிரதமர் தாட்சருக்கு ஒரு கடிதம் எழுதினார். லிவர்பூலில் பணத்தைக் கொட்டுவது தண்ணீரை மேட்டுக்கு ஏற்றுவது போல ஆகிவிடலாம், 'நிர்வகிக்கப்பட்ட சரிவு', அதாவது ஊரைத் தூக்கி நிறுத்தாமல் மெல்லத் தேய விடுவது, என்ற வழியையும் மறந்துவிட வேண்டாம் என்பது அதன் சாரம். சுற்றுச்சூழல் அமைச்சர் மைக்கேல் ஹெசல்டைன் எதிர்த்து வாதாடி நகரத்துக்குப் பணம் கொண்டுவந்தார். கடிதம் முப்பது வருடம் கழித்து 2011 கடைசியில்தான் வெளியே வந்தது. அப்படி ஒரு கொள்கை எந்தக் காகிதத்திலும் முடிவாகவில்லை. நாளை பார்க்கப் போகும் தெருக்களில் குடியிருந்தவர்கள் அதை அன்றாடம் கண்ணால் பார்த்தார்கள்.

இரண்டாம் நாள், புதன்

கிரான்பி தெருவிலிருந்து கிளைத்துப் போகும் நான்கு தெருக்கள்: பீக்கன்ஸ்ஃபீல்ட், கேர்ன்ஸ், ஜெர்மின், டூசி. இரண்டு பக்கமும் ஒட்டி ஒட்டிக் கட்டிய செங்கல் வரிசை வீடுகள். துருத்திக்கொண்டு நிற்கும் ஜன்னல்கள், வாசலில் இரண்டு மூன்று படி, படியேறினால் நேரே வீடு. ஒரு காலத்தில் கிரான்பி தெரு கடைத்தெரு. உலகத்தின் எந்த மூலைச் சாமானும் இங்கே கிடைக்கும் என்று சொல்வார்களாம். இப்போது ஒன்றிரண்டு கடைதான் கண்ணில் பட்டது.

கேர்ன்ஸ் தெருவுக்குள் திரும்பியதும் தம்பி மகள் நின்றுவிட்டாள். "அத்தை, இது தெருவா தோட்டமா?" வாசலுக்கு வாசல் தொட்டி, பெஞ்சு, கொடி. நடைபாதையில் ஆள் போக இடம் விட்டு மிச்சமெல்லாம் செடி.

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த ஒரு பெண்மணி "ஆல் ரைட், லவ்?" என்றார். இந்த ஊரில் முன்பின் தெரியாதவர்களையும் இப்படித்தான் கூப்பிடுகிறார்கள். நம் ஊரில் "என்னம்மா" என்பது மாதிரி. எழுபது வயது இருக்கும். எங்கிருந்து வருகிறோம் என்று கேட்டுவிட்டு, குவளையைக் கீழே வைத்துவிட்டு, எங்களோடு நடக்க ஆரம்பித்தார். அவர் சொன்னதையும் நான் முன்பே படித்ததையும் சேர்த்து எழுதுகிறேன்.

81-க்குப் பிறகு, ஒரு குடும்பம் போனால் அந்த வீட்டுக்கு இன்னொரு குடும்பம் வராது. நகரசபையோ வீட்டுவசதிச் சங்கமோ வாங்கி, ஜன்னலுக்கும் கதவுக்கும் இரும்புத் தகடு அடித்துவிடும். இதற்கு இங்கே ஒரு சொல் இருக்கிறது: 'டின்டு அப்'. தகரம் அடித்துவிட்டார்கள் என்று நாம் சொல்லலாம். தகரம் அடித்த வீட்டில் மழை இறங்கும், கூரை தொங்கும், எலி வரும். குப்பை லாரி சரியாக வராது. தெருவிளக்கு எரியாது. பக்கத்து வீட்டுக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரும் கிளம்புவார். அந்த வீட்டுக்கும் தகரம். சுற்றியிருந்த தெருக்கள் பல இப்படியே இடிபட்டன. இந்த நான்கும் 90-களிலிருந்து இடிபடக் காத்திருந்தன. குடியிருப்போர் சங்கம் ஒவ்வொரு திட்டத்தையும் எதிர்த்து இழுத்துப் பிடித்தது. அதற்குள் பெரும்பாலான வீடுகள் காலியாகிவிட்டன.

2002-இல் பெரிய அளவில் ஒரு அரசுத் திட்டம் வந்தது. வட இங்கிலாந்திலும் நடுப்பகுதியிலும் 9 இடங்களைத் தேர்ந்தெடுத்து, 'வீட்டுச் சந்தை புதுப்பிப்பு' என்று பெயர் வைத்தார்கள். அதன் தர்க்கம் இது: இந்தப் பகுதிகளில் வீட்டுக்கு விலை இல்லை, எனவே சந்தை செத்துவிட்டது, எனவே பழையதை இடித்துப் புதியதைக் கட்டினால் விலை ஏறும். ஆளைப் பற்றி அந்தத் தர்க்கத்தில் ஒன்றும் இல்லை. குடியிருப்பவர் அங்கே வீட்டை நிரப்பும் எண்ணிக்கை. 2011-இல் புதிய அரசு அதற்கான பணத்தை நிறுத்தியது. இடித்தது இடித்தபடி, காலி செய்தது காலி செய்தபடி நின்றது.

மிச்சமிருந்தவர்கள் அதற்கு முன்பே ஒரு வேலையை ஆரம்பித்திருந்தார்கள். யாரும் கூட்டாவிட்டால் நாம் கூட்டுவோம் என்று தெருவைக் கூட்டினார்கள். தகரத்தின் மேல் பெயின்ட் அடித்து, திரைச்சீலையும் பூந்தொட்டியும் வரைந்தார்கள். காலி வீட்டு வாசலில் செடி வைத்தார்கள். வெளியே மேஜையைப் போட்டு உட்கார்ந்து டீ குடித்தார்கள். அப்புறம் மாதத்தின் முதல் சனிக்கிழமை ஒரு சந்தை. "அனுமதி கேட்டீங்களா?" என்றேன். "யாரிடம் கேட்பது, லவ்? எங்களைத் தவிர இங்கே யார் இருந்தார்கள்?" என்றார்.

2011-இல் இவர்கள் 'கிரான்பி நான்கு தெருக்கள் சமூக நில அறக்கட்டளை'யைப் பதிவு செய்தார்கள். இந்த ஏற்பாட்டைக் கொஞ்சம் விளக்க வேண்டும். நிலமும் வீடும் ஒரு அறக்கட்டளையின் கையில் இருக்கும். அதன் உறுப்பினர்கள் அந்தப் பகுதி மக்களே. வீட்டை வாடகைக்கும் விடலாம், விற்கவும் செய்யலாம். விற்கும் விலை சந்தை விலை அல்ல. இந்த ஊரில் ஒருவர் சராசரியாக என்ன சம்பாதிக்கிறாரோ அதோடு கட்டிப்போட்ட விலை. வாங்கியவர் பின்னாளில் விற்கும்போதும் அதே கணக்கு. ஆகவே தெரு பிரபலமானாலும், தெருவை உண்டாக்கியவர்களின் பிள்ளைகளுக்கு அங்கே வீடு எட்டாக்கனி ஆகாது.

இந்த ஏற்பாடு முதலில் உருவானது அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில், 1969-இல். வாக்குரிமை கேட்டதற்காகக் குத்தகை நிலத்திலிருந்து விரட்டப்பட்ட கறுப்பின விவசாயிகளுக்காக 'நியூ கம்யூனிட்டீஸ்' என்று தொடங்கினார்கள். அதை வடிவமைத்தவர்கள் முன்மாதிரியாகப் பார்த்தவற்றில் ஒன்று வினோபா பாவேயின் கிராமதானம்! நிலம் தனி ஆளுக்கு இல்லை, ஊருக்கு. 1951-இல் போச்சம்பள்ளியில் பூதானமாகத் தொடங்கி, தமிழ்நாட்டில் ஜெகந்நாதனும் கிருஷ்ணம்மாளும் ஊர் ஊராக நடந்து சுமந்த அதே எண்ணம். "அப்போ இது நம்ம ஊர் சரக்கா அத்தை?" என்று தம்பி மகள் கண்ணை விரித்தாள். கொடுத்தவர்கள் நாம் மட்டும் இல்லை என்றாலும், நம் பங்கு இருக்கிறது. அந்தப் பெண்மணியிடம் சொன்னபோது, வினோபாவின் பெயரை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

ஜெர்சியைச் சேர்ந்த ஒரு சமூக முதலீட்டாளரின் கடன் கிடைத்தது. அவர்கள் மூலமாக லண்டனிலிருந்து 'அசெம்பிள்' என்ற இளைஞர் குழு வந்தது. கட்டடக்கலை, வடிவமைப்பு என்று பல துறை ஆட்கள். அவர்கள் வந்து தெருவைத் திருத்தி எழுதவில்லை. ஏற்கனவே செடியும் பெயின்ட்டுமாக நடந்துகொண்டிருந்த வேலையை வீட்டுக்குள்ளே கொண்டுபோனார்கள். நகரசபை ஒப்படைத்த 10 வீடுகள் கேர்ன்ஸ் தெருவில் எழுந்தன. இடிந்த வீடுகளின் செங்கல்லையும் கூரை ஸ்லேட்டையும் உடைத்து, சிமென்டில் கலந்து, கணப்பு மாடங்களை வார்த்தார்கள். கதவுக் குமிழ்களைக் களிமண்ணில் செய்து, மரத்தூளோடு பார்பெக்யூ அடுப்பில் போட்டுப் புகையூட்டினார்கள். அதற்காகத் தொடங்கிய பட்டறை, ஓடுகளும் பாத்திரங்களும் செய்து விற்கும் தொழிலாகவே ஆயிற்று.

2015 டிசம்பரில் பிரிட்டனின் பெரிய கலை விருதான டர்னர் பரிசு இந்த வேலைக்குக் கிடைத்தது. 25,000 பவுண்டு. வீடு பழுது பார்ப்பது கலையா என்று பத்திரிகைகளில் சண்டை. எனக்கு அந்தச் சண்டையில் ஆர்வமில்லை. என் வருத்தம் வேறு. இந்தத் தெருவைப் பற்றி எழுதுபவர்கள் லண்டன் குழுவிலிருந்து கதையை ஆரம்பித்துவிடுகிறார்கள். குழு வருவதற்கு முன்னால், யாரும் பார்க்காத வருடங்களில், தகரத்தின் மேல் திரைச்சீலை வரைந்தவர்கள் ஒரு வரியில் போய்விடுகிறார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்கள்.

கடைசியாகக் குளிர்காலத் தோட்டத்துக்குக் கூட்டிப்போனார். ஒட்டியிருந்த இரண்டு வீடுகள். உள்ளே தளமெல்லாம் விழுந்துவிட்டதால் வீடாகத் திருப்புவதற்குச் செலவு தாங்காது. அப்படியே கூடாக விட்டு, மேலே கண்ணாடிக் கூரை போட்டு, தரையில் மண் நிரப்பி மரம் நட்டுவிட்டார்கள். 2019-இல் திறந்தது. கீழே நின்று நிமிர்ந்தால், மாடியில் யாரோ குளிர் காய்ந்த கணப்பின் தடம் சுவரில் தெரிகிறது. அதன் பக்கத்தில் ஒரு இலை ஆடுகிறது. எங்கள் பிளாக்கின் மூன்றாவது மாடியில் அம்மா சாமி படம் மாட்டிய ஆணி ஞாபகம் வந்தது. ஒன்றும் பேசாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். யாரும் எழுந்திருக்கச் சொல்லவில்லை.

ஒரு கணக்கையும் சொல்ல வேண்டும். அறக்கட்டளை நேராகச் சீர்செய்தது பத்து வீட்டை ஒட்டித்தான். மற்ற வீடுகளில் பலவற்றை வீட்டுவசதிச் சங்கங்களும் ஒரு கூட்டுறவும் எடுத்துச் செய்தன. 2013-இல் நகரசபை ஒரு பவுண்டுக்கு வீடு கொடுக்கும் திட்டத்தையும் தொடங்கியது. உள்ளூர்க்காரராக இருக்க வேண்டும், சொந்தச் செலவில் பழுது பார்க்க வேண்டும், ஐந்து வருடம் அங்கேயே குடியிருக்க வேண்டும். பழுதுச் செலவு பல்லாயிரம் பவுண்டு என்பதால், கையில் ஒன்றும் இல்லாதவருக்கு அந்த ஒரு பவுண்டு உதவாது. ஆனாலும் குடியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை எனக்குப் பிடித்திருந்தது.

"சனிக்கிழமை சந்தை இருக்கு, இருப்பீங்களா?" என்று கேட்டார். இருப்போம் என்றோம்.

மூன்றாம் நாள், வியாழன்

கால் வலி. இன்று குறைவாகத்தான் நடந்தோம்.

பிரின்சஸ் பூங்காவை ஒட்டி 'வெல்ஷ் தெருக்கள்'. வேல்ஸிலிருந்து வந்த கட்டுநர்கள் கட்டியவை, பெயரெல்லாம் வேல்ஸ் ஊர்ப் பெயர்கள்: வோலஸ், ரிவ்லஸ், பவிஸ், மாட்ரின். மாட்ரின் தெரு 9-ஆம் எண் வீட்டில்தான் பீட்டில்ஸ் குழுவின் ரிங்கோ ஸ்டார் பிறந்தார். இவையும் அதே புதுப்பிப்புத் திட்டத்தில் இடிக்கக் குறித்தவைதான். வருடக்கணக்கில் தகரம் அடித்துக் கிடந்தன. 2015 ஜனவரியில் அமைச்சர் எரிக் பிக்கிள்ஸ் இடிப்பை மறுத்தார். அப்புறம் ஒரு தனியார் நிறுவனம் எடுத்து, இரண்டு சின்ன வீட்டை ஒன்றாக்கி, பின்கட்டுகளைத் திறந்து பொதுத் தோட்டமாக்கி, வாடகைக்கு விடுகிறது.

வேலை சுத்தமாக இருக்கிறது. செங்கல்லைக் கழுவி, கதவுகளுக்குக் கலர் அடித்து, பார்க்க நன்றாக இருக்கிறது. இடிக்கத்தான் வேண்டும் என்று நிபுணர்கள் அத்தனை வருடம் சொன்ன வீடுகள் இவை என்பதை நினைத்தால் கோபம்தான் வருகிறது. ஆனால் ஒரு தெருவில் நின்று, இங்கே பழைய ஆள் யாராவது இருக்கிறார்களா என்று இரண்டு பேரிடம் கேட்டேன். இருவருமே புதிதாக வந்தவர்கள். அன்பாகத்தான் பேசினார்கள். அவர்கள் மேல் என்ன தப்பு? இடிப்பா இல்லையா என்று முடிவாவதற்கு முன்பே அந்தத் தெருக்களைக் காலி செய்துவிட்டார்கள். வீடு காத்திருந்தது. ஆட்களால் அவ்வளவு நாள் காத்திருக்க முடியவில்லை.

மாலையில் டிங்கிள் பக்கம் 'ஃப்ளாரி'. 1889-இல் பெர்னார்ட் ஹால் என்ற வணிகர், இருபத்திரண்டு வயதில் இறந்துபோன மகள் ஃப்ளாரன்ஸ் நினைவாகத் துறைமுகத்துப் பையன்களுக்குக் கட்டிக்கொடுத்த மன்றம். 80-களின் கடைசியில் மூடி, 1999-இல் தீப்பிடித்து, கூரை போய்க் கிடந்தது. ஊர்க்காரர்கள் விடாமல் பணம் திரட்டி 2012-இல் திறந்தார்கள். நாங்கள் போனபோது உள்ளே யாரோ கிதார் பழகிக்கொண்டிருந்தார்கள். ஒரே பாட்டு, ஒரே இடத்தில் தப்பு. முழுதாகக் கேட்டுவிட்டுத்தான் வந்தோம்.

நான்காம் நாள், வெள்ளி

இன்று வடக்கு லிவர்பூல். எனக்கு இந்தப் பயணத்தில் மறக்க முடியாத நாள் இதுதான்.

வாக்ஸ்ஹால் பகுதி ஐரிஷ் கத்தோலிக்கத் துறைமுகத் தொழிலாளர்களின் பேட்டை. எல்டன் தெருவைச் சுற்றி நகரசபை கட்டிய அடுக்குமாடிக் குடியிருப்புகள் இருந்தன. பொது வராந்தா, பொது மாடிப்படி, நடுவில் முற்றம். பழைய படங்களைப் பார்த்தால் எங்கள் பிளாக்கேதான். 70-களின் கடைசியில் அவற்றை இடித்து, மக்களை நகரத்தின் ஓரங்களுக்குப் பிரித்து அனுப்ப முடிவானது. மக்கள் இடிப்பை எதிர்க்கவில்லை. கட்டடம் மோசம் என்பது அவர்களுக்கே தெரியும். அவர்கள் கேட்டது ஒன்றுதான்: எங்களைப் பிரிக்காதீர்கள், எங்களை இங்கேயே சேர்ந்து இருக்க விடுங்கள்.

1981-இல் பக்கத்திலிருந்த டேட் அண்ட் லைல் சர்க்கரை ஆலையும் மூடிவிட்டது. அந்தப் பகுதியின் சோற்றில் மண் விழுந்த வருடம் அது. டோனி மெக்கேன் என்ற உள்ளூர்க்காரர் முன்னால் நிற்க, 'எல்டோனியன்கள்' என்று பெயர் வைத்துக்கொண்டு கூடினார்கள். ஆலை நின்ற அந்த நிலத்திலேயே எங்களுக்கு வீடு கட்டிக்கொள்கிறோம் என்றார்கள். 83-இல் வந்த இடதுசாரி நகரசபை, வீடு கட்டுவது நகரசபையின் வேலை, கூட்டுறவுகளின் வேலை இல்லை என்று மறுத்தது. அந்த நகரசபையை வில்லனாக்கிவிட எனக்கு மனமில்லை. நாலே வருடத்தில் சுமார் 5,000 வீடுகளைக் கட்டிய சபை அது, அவையும் நல்ல வீடுகள். ஆனால் கொடுப்பவர் நாங்கள், வாங்குபவர் நீங்கள் என்ற இடத்திலிருந்து அவர்களால் இறங்க முடியவில்லை. எல்டோனியன்கள் மத்திய அரசு வரை போய்ப் பொது விசாரணையில் ஜெயித்தார்கள். நஞ்சேறியிருந்த ஆலை மண்ணைச் சுத்தம் செய்து கட்டினார்கள்.

கட்டுவதற்கு முன் ஒவ்வொரு குடும்பமும் கட்டடக் கலைஞரோடு உட்கார்ந்து வீட்டின் அமைப்பைப் பேசியது. பழைய குடியிருப்பில் பக்கத்தில் இருந்தவர்கள், விரும்பினால் புதிய இடத்திலும் பக்கத்திலேயே. 1989-இல் குடியேறினார்கள். 2004-இல் உலக வாழ்விட விருது. அவர்கள் வைத்துக்கொண்ட வாசகத்தைத் தமிழில் சொன்னால், 'சேர்ந்து செய்தால் நன்றாகச் செய்வோம்'.

இப்போது போய்ப் பார்த்தால் கண்ணைப் பறிக்க எதுவும் இல்லை. சின்னச் சின்னச் செங்கல் வீடுகள், முன்னால் ஒரு துண்டுத் தோட்டம், ஓரமாக லீட்ஸ்-லிவர்பூல் கால்வாய், அதில் இரண்டு வாத்து. சாதாரணமான தெரு. அந்தச் சாதாரணத்தைப் பார்த்ததும் எனக்குத் தொண்டை அடைத்தது. பக்கத்து வீட்டுக்காரரைப் பக்கத்து வீட்டுக்காரராகவே கொண்டுபோக முடியும். அது ஒரு பட்டியல் தயாரிக்கும் வேலை, அவ்வளவுதான். எங்கள் பிளாக்கில் யாருக்கும் அந்தப் பட்டியலைப் போடத் தோன்றவில்லை. எங்களுக்கும் கேட்கத் தோன்றவில்லை. இப்படிக் கேட்கலாம் என்பதே எங்களுக்குத் தெரியாது.

பின்னாளில் எல்டோனியன் அமைப்புகளுக்குச் சிரமம் வந்தது. சில அமைப்புகள் செயலிழந்தன, பொதுவாக இருந்த சொத்துகள் கைமாறின, குடியிருப்பவர்களுக்கு அதில் கடுமையான வருத்தம். ஜெயித்த தலைமுறைக்குப் பிறகு கணக்குப் புத்தகத்தை யார் பார்ப்பது என்பது கிரான்பிக்காரர்களும் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.

அங்கிருந்து ஆன்ஃபீல்ட். லிவர்பூல் கிளப்பின் மைதானத்துக்கு எதிரே ஒரு மூலைக் கடை. மிட்செல் குடும்பம் தலைமுறைகளாக நடத்திய பேக்கரி. சுற்றிலும் தெருக்கள் காலியாகி, வாடிக்கை குறைந்து, நடத்தியவர்களுக்கும் வயதாகி, மூடிவிட்டார்கள். 2010-ஐ ஒட்டி லிவர்பூல் கலைத் திருவிழாவுக்காக வந்த ஜான் வான் ஹேஸ்வைக் என்ற டச்சுப் பெண் கலைஞர், அந்தக் கடையில் உள்ளூர்க்காரர்களைக் கூட்டிப் பேச வைத்தார். பூட்டிய பேக்கரி என்று தெரியாமல் ஆட்கள் ரொட்டி கேட்டு உள்ளே வந்துகொண்டே இருந்தார்களாம். சரி, ரொட்டியே சுடுவோம் என்று முடிவெடுத்தார்கள். 2012-இல் 'ஹோம்பேக்ட்' நில அறக்கட்டளை, அடுத்த வருடம் கூட்டுறவு பேக்கரி. கட்டடம் இடிப்புப் பட்டியலில் இருந்தபோதே அடுப்பைப் பற்றவைத்துவிட்டார்கள்! மாடியை வீடாக்கியாயிற்று. அடுத்தது பக்கத்து வரிசை வீடுகள். செங்கல் செங்கலாக, ரொட்டி ரொட்டியாக நம்மை நாமே கட்டுகிறோம் என்பது அவர்கள் வாசகம்.

மேட்ச் நாட்களில் பை வாங்க வரிசை வளைந்து நிற்குமாம். இன்று மேட்ச் இல்லை. 'ஸ்கவுஸ்' என்பது மாலுமிகள் கொண்டுவந்த இறைச்சிக் குழம்பு. இந்த ஊர்க்காரர்களுக்கே அதுதான் பட்டப்பெயர். கறி வாங்கக் காசில்லாத நாளில் வெறும் கிழங்கோடு வைத்தால் அது 'ப்ளைண்ட் ஸ்கவுஸ்', குருட்டுக் குழம்பு. தம்பி மகள் சைவம். எனக்கு ஸ்கவுஸ் பை, அவளுக்குக் காய்கறி பை. ஓரம் மொறுமொறுவென்று, உள்ளே மிளகு தூக்கலாக. இரண்டாவதும் வாங்கினேன்.

ராத்திரி அம்மாவுக்கு போன் செய்தேன். எல்டோனியன் கதையைச் சொன்னேன். ரொம்ப நேரம் ஒன்றும் சொல்லவில்லை. அப்புறம், "நம்ம ருக்கு அக்கா இப்போ எங்க இருக்காளோ" என்றாள்.

ஐந்தாம் நாள், சனி

பத்து மணிக்கே கேர்ன்ஸ் தெருவில் மேஜைகள் வந்துவிட்டன. செடி, பழைய துணி, புத்தகம், கேக், கரீபியன் ஆட்டுக் கறி. ஒரு சோமாலிய அம்மா 'சம்பூஸா' விற்றார். வாயில் வைத்தால் நம் சமோசாதான், ஏலக்காய் வாசம் கொஞ்சம் கூட. நான்கு வாங்கி, நின்றபடியே இரண்டைத் தின்றோம்.

புதன்கிழமை பார்த்த பெண்மணி தூரத்திலிருந்தே கையசைத்தார். "இந்தியா! மேஜையின் அந்த முனையைப் பிடி, லவ்." பிடித்தேன். அப்புறம் இன்னொரு மேஜை. அப்புறம் கூடாரத்தின் கால். விருந்தாளி என்று உட்கார வைக்காமல் வேலை கொடுத்தது எனக்கு நிறைவாக இருந்தது.

பன்னிரண்டு மணிக்கு, சென்னையில் நாலரை, அம்மாவை வீடியோவில் கூப்பிட்டேன். தெருவைக் காட்டினேன். தொட்டிகளை, கண்ணாடிக் கூரையை, சமோசாவை. அம்மா எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, "அந்தம்மாவக் காட்டு" என்றாள். காட்டினேன். இருவரும் சிரித்துக்கொண்டார்கள். "எத்தன வருஷமா இருக்காங்க?" என்றாள். கேட்டுச் சொன்னேன். நாற்பது வருடத்துக்கு மேல்.

"எல்லாரும் போறப்ப இவங்க ஏன் போகலையாம்?"

அதையும் கேட்டேன். அவர் தோளைக் குலுக்கினார். நாய் இருந்தது, மாடியில் நல்ல வெளிச்சம் இருந்தது, கிளம்பு என்று சொன்ன ஆட்களைப் பிடிக்கவில்லை என்றார்.

அம்மா கொஞ்சம் யோசித்தாள். "பக்கத்து வீட்டுல யார் யார் இருந்தாங்கன்னு கேளு."

மொழிபெயர்த்தேன். அவர் என் கையிலிருந்து போனை வாங்கிக்கொண்டார். தெருவைப் பார்த்துத் திருப்பி, முதல் வீட்டிலிருந்து விரல் நீட்டிச் சொல்ல ஆரம்பித்தார். இங்கே கப்பலில் சமையல் செய்தவர், ஐந்து பெண் பிள்ளைகள். அதற்கடுத்து ஒரு தையல்காரி, கல்யாண உடுப்பு அவரிடம்தான். அதற்கடுத்து தகரம் அடித்துப் பதினைந்து வருடம், இப்போது ஒரு இளம் ஜோடி, கைக்குழந்தை. நான் மொழிபெயர்க்க வாயெடுத்தேன். இரண்டு பேருமே என்னைப் பார்க்கவில்லை. அவர் ஆங்கிலத்தில் ஒரு வீட்டைச் சொல்ல, அம்மா தமிழில் "ம்ம்… ம்ம்…" என்றாள். நடுவில் அம்மா, எங்கள் மூன்றாவது மாடியில் யார் யார் என்று ஆரம்பித்துவிட்டாள். அவர் "இஸ் தட் ரைட், லவ்?" என்று கேட்டுக்கொண்டார்.

"அத்தை, ரெண்டரைக்கு டிரெயின்" என்றாள் தம்பி மகள்.

அவர் அப்போதுதான் எதிர்வரிசைக்குத் திரும்பி, மூன்றாவது வீட்டுக்கு வந்திருந்தார். தெரு முனை வரைக்கும் இன்னும் நிறைய வீடு இருந்தது. பெட்டியை ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த மேஜையில் டீ வாங்கப் போனேன்.